வன்னியில் தனியே வந்து குடியிருப்பவர்கள் ஊரோடு சேர்வது எப்படி?

படுவான்கரையாள்:

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரைப் பகுதியைச் சேர்ந்தவள். மருந்தாளராக நியமனம் பெற்று, கடந்த வருடம் முதல் துணுக்காய்ப் பக்கத்திலுள்ள ஒரு வைத்தியசாலையில் கடமையாற்றி வருகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்வதால், நானும் முன்பள்ளிக்குப் போகும் என் மகளும் மட்டுமே விடுதியில் தங்கியிருக்கிறோம்.

வேலையில் எனக்குக் குறையேதும் இல்லை. நோயாளர்கள் அன்பானவர்கள், கிளினிக் நாள்களில் தோட்டத்துக் கச்சானையும் பயற்றங்காயையும் கொண்டுவந்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மருந்து கொடுக்கும் அந்தச் சிறிய யன்னலுக்கு அப்பால் ஊரில் எவரையும் எனக்குத் தெரியாது. என்னோடு பணியாற்றும் உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தையோ வவுனியாவையோ சேர்ந்தவர்கள்; வெள்ளிக்கிழமை பின்னேரம் மாங்குளம் போகும் பஸ்ஸில் ஏறினால் திங்கட்கிழமை காலையில்தான் அவர்களை மீண்டும் காணலாம். எனக்கோ ஊர் தூரம்; சிறுபிள்ளையோடு அடிக்கடி போய்வர இயலாது. பொழுதுபட்டதும் யானைப் பயத்தால் வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். வயற்காவலில் இருப்பவர்கள் கொளுத்தும் யானை வெடி இடையிடையே கேட்கும், அவ்வளவுதான்.

மகளுக்கு இரவில் காய்ச்சல் கண்டால் தயங்காமல் கதவைத் தட்டக்கூடிய ஒரு வீடாவது ஊருக்குள் வேண்டும் என்பதே என் முதல் தேவை. நான் வாசிப்பில் ஆர்வமுள்ளவள், கூத்துக் களரியைப் பார்த்து வளர்ந்தவள். அவற்றைப் பற்றிப் பேச ஓராள் கிடைத்தால் அது மேலதிகப் பேறு. கணவர் அருகில் இல்லாத நிலையில், வலியச் சென்று பழகினால் தவறாகப் பேசிவிடுவார்களோ என்ற தயக்கமும் எனக்கு உண்டு. வெளியிடங்களிலிருந்து வந்து வன்னியில் நிலைத்தவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று அறியத் தருவீர்களா?

முள்ளியவளை ரீச்சர்:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாண்டியன்குளம், ஒட்டுசுட்டான் என்று முல்லைத்தீவு மாவட்டத்தின் பல பக்கங்களிலும் படிப்பித்திருப்பதால் உங்கள் நிலைமை நன்றாக விளங்குகிறது.

உத்தியோகத்தர்கள் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். எங்கள் சனம் உத்தியோகத்தர்களை மரியாதையாக நடத்தும். ஆனால் ஊரின் கணக்கில் சேர்க்காது. அதற்குக் காரணமே அந்தப் பஸ்தான். சங்கக் கூட்டங்கள், சிரமதானங்கள், கோயில் வேலைகள், பிள்ளைகளின் அறநெறி வகுப்புகள் யாவும் சனி ஞாயிறில் நடப்பவை. அந்நாள்களில் இல்லாதவரை, எத்தனை வருடம் கடமையாற்றினாலும், வந்து போகும் ஆளாகவே ஊர் எண்ணும். போக இடமில்லாமல் விடுதியில் கிடக்கிறோம் என்று நீங்கள் நினைக்கும் அந்தச் சனி ஞாயிறுதான் ஊரின் கண்ணில் உங்களுக்குள்ள பெரிய தகுதி.

முதலில் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம் சென்று, உங்கள் பிரிவில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எந்த நாளில் கூடுகிறது, மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் யார் என்ற இரண்டையும் கேட்டறியுங்கள். மாதர் சங்கத்தில் சேமிப்பும் சிறு கடனும் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும். கூட்டம் சில வேளை அலுப்பூட்டும். இருந்தாலும் போரின் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகுந்துவிட்ட இந்த மண்ணில், கணவர் அருகில் இல்லாத பெண் என்பது அங்கே எவருக்கும் புதினம் அல்ல. உங்கள் தயக்கத்துக்கு அந்த மண்டபத்தில் இடமிராது.

மரண உதவிச் சங்கம் என்றதும் இளம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். வன்னி ஊர்களில் மனிதரை மனிதரோடு இறுகக் கட்டி வைத்திருப்பது அதுதான் என்பது என் துணிபு. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா சேர்த்து, ஒருவர் இறந்தால் உடனே கையில் ஒரு தொகையைக் கொடுத்து, பந்தல் தகரம், கதிரைகள், பெரிய கிடாரம் எல்லாவற்றையும் சங்கமே கொண்டுவந்து இறக்கும். கலியாண வீட்டுக்குத்தான் அழைப்பு வேண்டும். செத்த வீட்டுக்கு எவரும் எவரையும் அழைப்பதில்லை, கேள்விப்பட்டால் போகவேண்டியதுதான். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால், சாப்பாடும் தேநீரும் அயல் வீடுகளிலிருந்தே போகும். நீங்கள் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் நிறையத் தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பெண்களோடு அமர்ந்திருந்தால் போதும்; பேசவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதைவிட, இறந்து எட்டாம் நாளில் படையல் வைக்கும் எட்டுச் செலவுக்கு முதல்நாள் போவது நல்லது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டவற்றையெல்லாம் படைப்பது வழக்கம் ஆதலால், அயற்பெண்கள் கூடியிருந்து பலகாரம் சுடுவார்கள். ஒருவர் உழுந்தை அரைக்க, இன்னொருவர் முறுக்குரலை நெரிக்க, வயதானவர்கள் ஓரமாக இருந்து உப்புக் குறைவு, உறைப்புக் கூட என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாயில் அமர்ந்து, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு வடையைத் தட்டிக் கொடுக்கும் அந்த நேரத்துக்குள், நீங்கள் எந்த ஊர், யாருடைய பிள்ளை, கணவர் எங்கே, ஏன் இடமாற்றம் எடுக்கவில்லை என்ற கேள்விகள் யாவும் அங்கேயே கேட்கப்பட்டு அங்கேயே பதிலும் பெற்றுவிடும். அதன்பின் உங்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு ஊருக்கு ஒன்றும் மிச்சம் இராது.

ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். வீட்டுச் சுவரில் மாலையிட்ட படம் இருந்தால் அவர் இல்லையென்று விளங்கிக்கொள்ளலாம். மாலையில்லாத ஓர் இளம் முகம் இருந்தால், யாரென்று நீங்களாகக் கேட்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் படத்துக்கு மாலை போடாமல் இருப்பதும் அதே போராட்டம்தான். அவர்களாகச் சொல்லும் நாள் வரும். மே மாதத்தில் இறுதிப் போரில் மடிந்தோரின் நினைவாக வீதியோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும்போது, ஒதுங்கிப் போகாமல் வாங்கிக் குடியுங்கள்.

படுவான்கரை என்று எழுதியிருந்தீர்கள். வைகாசியில் உங்கள் ஊர்களில் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு வைத்து, அம்மனின் சினம் தணிக்கும் குளிர்த்தி பாடுவார்கள் அல்லவா? அதே வைகாசியில்தான் இங்கே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பொங்கல். பாக்குத் தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கி, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, அந்த உப்பு நீரிலேயே முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, பின்னர் திங்கட்கிழமையில் நந்திக்கடலோரத்து அம்மனிடம் மடை எனும் படையல் போகும். அந்த நாள்களில் வன்னியின் மூலை முடுக்கெல்லாவற்றிலிருந்தும் பஸ் ஓடும். தண்ணீர்ப் பந்தல்களில் கைக்கு வேலையும் நிறைய இருக்கும். உங்கள் ஊர்க் குளிர்த்திப் பாடலில் நாலு வரி தெரிந்திருந்தால், எங்கள் கிழவிகள் உங்களை விடமாட்டார்கள்.

கரைச்சி வாசகன்:

வாசிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சனசமூக நிலையங்களுக்குப் பத்திரிகை வரும். ஆனால் பின்னேரங்களில் அங்கே கரம் பலகை விளையாடும் பொடியன்களே நிறைந்திருப்பதால் உங்களுக்கு வசதிப்படாது. பிரதேச சபையின் பொது நூலகத்தில் அங்கத்துவம் பெற்று, நூலகருடன் அறிமுகமாகுங்கள். யார் என்ன வாசிக்கிறார் என்பது ஊரில் அவருக்கு மட்டுமே தெரியும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால், அந்த மாதத்து நிகழ்ச்சிகளுக்குப் பேச்சாளரும் நடுவரும் கிடைக்காமல் அவர்கள் திண்டாடுவார்கள். உதவுகிறேன் என்று சொன்னால் கையைப் பிடித்து இழுத்துச் செல்வார்கள்.

பிரதேச செயலகத்தில் கலாசாரத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் கண்டு பேசுங்கள். கலாசாரப் பேரவை, வருடாந்தப் பண்பாட்டு விழா, அதற்கொரு மலர் என்று வேலைகள் அவர் தலையில் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடிய அண்ணாவிமார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்களின் பரம்பரையினர் எங்கே இருக்கிறார்கள் என்பதை அவரிடம் கேட்டால் தெரியவரும். மட்டக்களப்பு வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்த ஒருவர் அந்த ஆட்டத்தைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

தருமபுரத்துப் பேரன்:

ரீச்சர் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் அது ஒரு மருந்தாளருக்கு எழுதிய பதில்.

எங்கள் அப்பப்பாவும் அப்பம்மாவும் 1977 வன்செயலின் பின் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். இன்று வட்டக்கச்சியிலும் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலரின் பெற்றோரும் குடியேற்றத் திட்டங்களிலும் படித்த வாலிபர் திட்டத்திலும் காணி பெற்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்களே. 1958, 1977, 1983 என்று ஒவ்வோர் அடியின் பின்னும் மலையகத்திலிருந்து எங்கள் ஆட்கள் வந்தார்கள். 1995 இல் குடாநாட்டின் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இன்னுமொரு பெருங்கூட்டம் வந்தது. வந்தவர்களால் ஆன ஊர்கள் இவை. இருந்தும் யார் முதலில் வந்தார், யாரிடம் காணி உறுதி இருக்கிறது என்ற வரிசையில்தான் பேசும் உரிமை கிடைக்கிறது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர், தண்ணீர் எந்த நாளில் திறப்பது என்று முடிவெடுக்கும்போது, அந்த வயலில் கூலிக்குக் களை பிடுங்குபவரை எவரும் கேட்பதில்லை. மருந்தாளர் மிஸ்ஸுக்குப் பலகாரப் பாயில் உடனே இடம் விடுவார்கள். என் அம்மாவுக்கு அந்தப் பாயில் இடம் கிடைக்கப் பல காலம் சென்றது. கோயில் வாசல் எல்லோருக்கும் வாசல் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒழுங்கையில் வேதக்காரக் குடும்பங்கள், அதாவது கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களின் வருடம் மடு மாதா திருவிழாவோடு சுற்றுகிறது.

அக்கா, உங்களோடு வேலை செய்பவர்கள் பஸ் ஏறிவிடுகிறார்கள் என்று எழுதியபோது நீங்கள் உத்தியோகத்தர்களை மட்டுமே எண்ணியிருக்கிறீர்கள். வார்ட்டைக் கூட்டுபவரும் மருந்துப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குபவரும் அநேகமாக அந்த ஊரிலேயே வீடுள்ளவர்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் சைக்கிளில் வீட்டுக்குத்தான் போகிறார்கள். இரவில் கதவைத் தட்டுவதற்கு வீடு தேடுகிறீர்கள் என்றால் அவர்களின் வீடுகள்தான் கிட்ட.

படுவான்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. மருந்தகத்தில் உதவிக்கு நிற்கும் ஓர் அக்கா, நான் கடமையில் இருக்கும் நேரத்தில் சிலவேளை மகளைத் தன் பிள்ளைகளோடு வைத்துக்கொள்வதுண்டு. மாதர் சங்கத்துக்கு அவரோடே போகலாம் என்று எண்ணுகிறேன். அவர்கள் வீடும் மலையகத்திலிருந்து வந்த குடும்பம்தான்.

இன்னும் இரண்டு கேள்விகள். சந்தையிலும் முன்பள்ளி வாசலிலும் என்னைக் காண்பவர்கள், வணக்கம் சொன்ன கையோடு வருத்தத்தைச் சொல்லி மருந்து கேட்கிறார்கள். சிலர் விடுதிக்கே வருகிறார்கள். பழகப் போனால் இது இன்னும் அதிகமாகாதா? மற்றது, நிரந்தர வதிவாளர் அல்லாத என்னை மரண உதவிச் சங்கத்தில் சேர்ப்பார்களா?

முள்ளியவளை ரீச்சர்:

தம்பி எழுதியது உறைப்புத்தான், ஆனால் உண்மை. நான் படிப்பித்த ஊர்களிலும் அந்த வரிசை இருந்தது. அந்த அக்காவோடே போங்கள். அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டே பாயில் அமருங்கள்.

மருந்து தெரிந்தவரைக் கண்டால் சனம் கேட்கத்தான் செய்யும். விடுதியில் வைத்து ஒரு குளிசையும் கொடுக்காதீர்கள்; ஒருவருக்குக் கொடுத்தால் நிறுத்த முடியாது. ஆனால் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக்கில் தந்த குளிசைப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் முதியவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் எது காலையில், எது இரவில், எது சாப்பாட்டுக்கு முன் என்ற விளக்கம் மட்டுமே. மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் சற்று நேரம் அதற்கென்று ஒதுக்கி, பைகளை அங்கே கொண்டுவரச் சொல்லிவிட்டால் விடுதிக் கதவைத் தட்டுவது தானாகக் குறையும்.

சங்க அங்கத்துவம் அந்தந்தச் சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிகளைப் பொறுத்தது. சில இடங்களில் தற்காலிக வதிவாளரையும் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டாலும் செத்த வீட்டுக்குப் போவதை எந்த யாப்பும் தடுக்காது. சேர்த்தால், சந்தா அட்டையைக் கணவரின் பெயரில் எழுதவிடாமல் உங்கள் பெயரிலேயே எழுதுவியுங்கள். இல்லாவிட்டால் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தும்போது, அங்கத்தவர் கட்டாரில் அல்லவா இருக்கிறார் என்று செயலாளர் கேட்பார்.