கலைச்சொல்: யானைக் கூட்டத்து ‘மேட்ரியார்க்’ – தலைவியா, முதுபிடியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். யானைக் குடும்பத்தில் மூத்து முன்னிற்கும் பெண் யானையை ஆங்கிலத்தில் ‘மேட்ரியார்க்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு இந்த இழையில் இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள்: குலத்தலைவி, தாய்த்தலைவி, பெருந்தாய், அரசி யானை, கூட்டத்தலைவி. குலத்தலைவியை முடிவாக்கிப் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று கோவை ஐயா நேற்று எழுதியிருந்தார். ஏற்றுமுன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில் ‘தலைவி’ என்ற சொல்லே வேண்டாம் என்பது என் கட்சி. பெண் யானைக்குப் பிடி என்று பெயர். முதுபிடி என்று வைக்கலாம்.

எளிதில் கழிக்கக்கூடியவற்றை முதலில் கழிப்போம். தேன்கூட்டில் முட்டையிடுவது ராணி ஒன்றுதான். யானைக் கூட்டத்தில் பருவம் வந்த எல்லாப் பிடிகளும் கன்று ஈனும். ‘அரசி யானை’ என்று படிக்கிற பிள்ளை ராணித்தேனீயை நினைத்துக்கொண்டால் பாடம் கெட்டது. தாய்த்தலைவி, பெருந்தாய் இரண்டும் கூட்டத்தில் உள்ள அத்தனையும் அதன் பிள்ளைகள் என்ற எண்ணத்தைத் தரும். உண்மையில் தங்கை இருக்கும், தங்கை மகள் இருக்கும், அவள் பெற்றதும் இருக்கும்.

குலத்தலைவியில் வேறொரு சிக்கல். கென்யாவின் அம்போசெலியில் 1972இல் சிந்தியா மோஸ் தொடங்கிய ஆய்வில் புல்வெளி யானைகளின் உறவை அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். நெருங்கிய உறவுப் பிடிகளும் அவற்றின் கன்றுகளும் சேர்ந்தது குடும்பம். அடிக்கடி கூடிப் பழகும் சில குடும்பங்கள் சேர்ந்தது பிணைப்புக் குழு. வறட்சிக் காலத்தில் ஒரே பரப்பில் மேய்பவை எல்லாம் சேர்ந்தது குலம். மேட்ரியார்க் இருப்பது குடும்பத்தில். குலத்துக்கென்று ஒரு தலைவி அங்கே கிடையாது. குலத்தலைவி என்று எழுதினால் கீழ்த்தளத்தில் இருப்பவளை இரண்டு மாடி மேலே குடிவைத்துவிடுகிறோம்.

கூட்டத்தலைவிதான் நின்று மல்லுக்கட்டும். தலைவி என்றால் முடிவெடுப்பவள், ஏவுபவள். (அகப்பாட்டுத் தலைவி வேறு. அவள் பாவம், தோழி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.) யானைகள் ஓரிடம் விட்டு இன்னோரிடம் கிளம்பும்போது நடப்பதைப் பாருங்கள். அம்போசெலியில் யானை ஆய்வாளர் ஜாய்ஸ் பூல் விவரித்த ‘போகலாம்’ உறுமல் இது. குடும்பம் நிழலில் நிற்கிறது. ஒரு பிடி மட்டும் கூட்டத்தின் விளிம்புக்கு வந்து, தான் போக நினைக்கும் திசைக்கு உடம்பைத் திருப்பி நிற்கிறது. ஒரு காலைத் தூக்கினாற்போல் வைத்துக்கொண்டு அடித்தொண்டையில் நீளமாக உறுமுகிறது. யாரும் அசையவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி அதே உறுமல். பின்னாலிருந்து ஒன்று பதில் கொடுக்கிறது. இன்னொன்று வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. இழுபறி நீண்டு, கடைசியில் எல்லாம் ஒரு பக்கமாக நகர்கின்றன. கேட்பது எந்தப் பிடியாகவும் இருக்கலாம். மூத்தது கேட்டால் மற்றவை எழுந்துவிடும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பாட்டி “நேரமாச்சு, கிளம்புவோமா” என்று செருப்பைத் தேடினால் குடும்பமே எழுந்திருக்கிறதே, அந்த மாதிரி. அது ஆணை அல்ல.

மசினகுடியிலிருந்து தெப்பக்காடு போகும் சாலையில் ஒருமுறை வண்டிகளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். முதலில் சாலையில் கால்வைத்தது மெலிந்த இளம்பிடி ஒன்று. கூட்டத்திலேயே பெரியது நடுவில் வந்து, எங்கள் பக்கம் விலாவைக் காட்டியபடி குறுக்கே நின்றுகொண்டது. கன்றுகள் அதன் மறைவில் கடந்தன. கடைசிக் கன்று மறுகரை ஏறும்வரை அது நகரவில்லை. முன்னே போனதைத் தலைவி என்பதா, நின்றதையா?

சரி, அப்படியானால் மூத்த பிடிக்கு என்னதான் சிறப்பு? நினைவு. ஆய்வாளர் காரன் மெக்கோம்ப் குழுவினர் அம்போசெலியில் ஒலிபெருக்கி வைத்து யானைக் குரல்களைப் போட்டுக்காட்டினார்கள். வயதான மேட்ரியார்க் உள்ள குடும்பங்கள் பழகிய குரலுக்குச் சும்மா இருந்தன, பழகாத குரலுக்கு மட்டும் நெருங்கிக் கூடின. இளையவை இருந்த குடும்பங்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவாகப் பிடிபடவில்லை. இது 2001இல் வெளிவந்தது. 2011இல் சிங்கக் கர்ச்சனையை வைத்து இன்னொரு சோதனை. கர்ச்சிப்பது ஒரு சிங்கமா மூன்றா என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்தது. ஆண் சிங்கமா பெண் சிங்கமா என்பதில்தான் வயது பேசியது. ஆண் சிங்கம் தனியாகவே யானைக் கன்றை வீழ்த்தக்கூடியது. அந்தக் குரலுக்குக் கூடுதலாக உஷாரானவை அறுபதைத் தொட்ட பிடிகள் இருந்த குடும்பங்கள்.

தான்சானியாவின் டராங்கிரே தேசியப் பூங்காவில் 1993இல் கடும் வறட்சி. ஒன்பது மாதங்களில் 81 கன்றுகளில் 16 செத்தன. பூங்காவை விட்டு வெளியேறிய கூட்டங்களில் சாவு குறைவு, தங்கியவற்றில் அதிகம். அதற்கு முந்தைய பெரும் வறட்சி 1958–61இல் வந்தது. தங்கிவிட்ட கூட்டத்தில் அந்த வறட்சியைக் கண்ட வயதுள்ள பிடிகள் இல்லை. தந்த வேட்டை மூத்தவற்றை முன்னரே கொண்டுபோயிருந்தது. எங்கே போனால் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை.

இவ்வளவும் ஆப்பிரிக்கா. நம் பட்டியலைப் பயன்படுத்தப்போகிறவர்கள் பெரும்பாலும் ஆசிய யானையைப் பற்றித்தான் எழுதுவார்கள். அங்கே ‘தலைவி’ இன்னும் பலவீனமாகிறது. இலங்கையின் உடவளவையில் ஷெர்மின் டி சில்வாவும் உடன் ஆய்ந்தவர்களும் பிடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பல பருவங்கள் தொடர்ந்தார்கள். ஒன்றாகத் திரிபவை இரண்டு மூன்றாகப் பிரிவதும் வேறு சிலவற்றோடு சேர்வதும் ஓயாமல் நடக்கிறது. பிடிகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசை தெளிவாக அமையவில்லை. கர்நாடகத்தில் கபினி நீர்த்தேக்கத்தை ஒட்டி நாகரஹொளேயிலும் பந்திப்பூரிலும் நடக்கும் ஆய்விலும் ஒரே குலத்துக்குள் அதட்டல் குறைவு; வேறு குலம் புல்வெளிக்கு வரும்போதுதான் தள்ளுமுள்ளு. காரணம் தேடுவது கடினமில்லை. இங்கே கூட்டமாக வேட்டையாடும் சிங்கத்தைச் சமாளிக்க வேண்டியதில்லை. புலி தனியாக வரும். தீவனமும் ஆப்பிரிக்கப் புல்வெளி போல ஒரேயடியாக வற்றிப்போவதில்லை. ஒரு தலைமையின்கீழ் இறுகி நிற்க வேண்டிய கட்டாயம் குறைவு.

ஆனால் மூத்த பிடியின் மதிப்பு இங்கேயும் குறையவில்லை. மியன்மாரில் மரம் இழுக்கும் யானைகளின் பதிவேடுகளை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதுக்குட்பட்ட இளம் தாய்கள் ஈன்ற கன்றுகளில், பாட்டி கூட இருந்தவற்றுக்குச் சாகும் ஆபத்து எட்டு மடங்கு குறைவு. அந்தப் பாட்டி யாரையும் வழிநடத்தவில்லை. பக்கத்தில் இருந்தது, அவ்வளவே.

ஆக இரு கண்டத்துக்கும் பொதுவாக நிற்பது மூப்பு. தலைமை அல்ல. சொல்லில் நிற்கும்படி நான் கேட்பதும் அதைத்தான். பிடி யானைக்கே உரிய பெண்பால் பெயர் என்று தொல்காப்பிய மரபியலே சொல்லிவிட்டது. களிற்றைக்கூடப் பன்றியோடு பங்கிட வேண்டியிருக்கிறது, பிடிக்கு அந்தப் பங்காளி இல்லை. ‘யானை’ என்று தனியே சேர்க்க வேண்டாம், ‘பெண்’ என்றும் சேர்க்க வேண்டாம். முது என்ற அடைக்கு வயது மட்டும் பொருளல்ல. கோவலன் இளம் கண்ணகியைச் சிறுமுதுக்குறைவி, அதாவது சிறுவயதிலேயே பேரறிவு உடையவள், என்கிறான். நாமே முதுகலை படித்துவிட்டுத்தான் இங்கே சண்டை போடுகிறோம்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

*

> முதுபிடி என்று வைக்கலாம்.

தம்பிக்கு வணக்கம். குலம் இரண்டு மாடி மேலே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், குலத்தலைவியைத் திரும்பப் பெறுகிறேன். முதுபிடிக்கு நான்கு தடை சொல்ல வேண்டும்.

முதலாவது, இன்று ‘பிடி’ என்றால் எத்தனை பேருக்கு யானை நினைவுக்கு வரும்? முதுபிடி என்று கேட்டவுடன் என் வீட்டில் தைலப்புட்டியை எடுத்து வந்தார்கள்.

இரண்டாவது, மூத்ததுதான் எப்போதும் முன்னிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? யானைக்கு ஆயுளில் ஆறு தொகுதி கடைவாய்ப் பற்கள். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் முரட்டுத் தீவனத்தை மெல்ல முடியாது. அப்படி மெலிந்த கிழப்பிடி சதுப்பில் இளம்புல்லைத் தேடிப் பின்தங்கும்போது வேறொன்று கூட்டத்தை நடத்தாதா?

மூன்றாவதுதான் முக்கியம். மேட்ரியார்க் என்ற சொல்லை ஓர்க்கா திமிங்கிலத்துக்கும் கழுதைப்புலிக்கும் எழுதுகிறார்கள். கலைச்சொல் என்றால் எல்லா விலங்குக்கும் பொருந்த வேண்டாமா? ஓர்க்காவைப் பிடி என்பீர்களா?

கடைசியாக, அது முதுப்பிடி அல்லவா? பண்புத்தொகையில் ஒற்று மிகுமே.

*

அண்ணா, ஐயா இருவருக்கும் வணக்கம்.

நான் அம்பாந்தோட்டைப் பக்கம் வேலை செய்தபடியால் உடவளவைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே ஜீப்பில் வழிகாட்டுகிறவர்கள் எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் “அந்தா, அதுதான் லீடர்” என்று ஆகப் பெரியதைக் காட்டுவார்கள். ஒருநாள் காலையில் அப்படிக் காட்டிய யானைக்கு இடது காதின் விளிம்பில் அரைவட்டமாக ஒரு கிழிசல். கூட நாலு பெண் யானைகள் நின்றன. பின்னேரம் குளக்கட்டுப் பக்கம் திரும்பிப் போகும்போது அதே கிழிசல் காது தன்ர கன்றோடு மட்டும் நின்றது. மற்ற நாலில் இரண்டு தூரத்தில் வேறொரு கூட்டத்தோடு புல்லு உதறிச் சாப்பிட்டுக்கொண்டு நின்றன. ஒருத்தரும் ஒருத்தரைத் தேடினமாதிரித் தெரியவில்லை. லீடர் எங்கே என்று கேட்டேன், அவர் சிரித்தார். ஆகவே தலைவி வேண்டாம் என்பதில் நான் அண்ணாவின் பக்கம்.

பிடி என்ற சொல்லைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் இருக்கு. எங்கட நாட்டில் ஆண் யானைகளில் மிகப் பெரும்பாலானவைக்குத் தந்தம் இல்லை, அலியன் என்போம். தமிழ்நாட்டில் மக்னா என்பது அரிதாக வருவது, இங்கே அதுதான் வழக்கம். ஆப்பிரிக்காவிலோ பெண்ணுக்கும் தந்தம் உண்டு. தந்தத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லுகிற பழக்கம் மூன்று இடத்திலும் மூன்று மாதிரிப் போகும். பாலைத் தன்னிலேயே வைத்திருக்கிற சொல் என்றால் குழப்பம் இல்லை.

*

தங்கைக்கு நன்றி. அந்தக் கிழிசல் காது இந்த இழைக்கு நான் எழுதியதையெல்லாம்விட உதவி.

ஐயா, வரிசையாகச் சொல்கிறேன். தைலப்புட்டிக்கு மருந்து, பதிவில் முதல்முறை வரும்போது ‘முதுபிடி யானை’ என்று எழுதிவிட்டுப் பிறகு யானையை விட்டுவிடுவது. பிடி புழக்கத்தில் இல்லை என்பதற்காக விட்டால் அது ஒருபோதும் புழக்கத்துக்கு வராது. நாம் பட்டியல் போடுவதே அதற்காகத்தான்.

பல் தேய்ந்த கிழப்பிடி நியாயமான தடை. ஆனால் தலைமை வேறொன்றுக்குப் போனால் ‘இப்போது கூட்டத்தை நடத்துவது இன்ன பிடி’ என்று வாக்கியத்தில் எழுதிக்கொள்ளலாம். மூப்பைச் சொல்லில் வைத்துவிட்டு, நடத்துவதை வினையில் வைப்போம். தலைவி என்று பெயரிலேயே ஏற்றிவிட்டால் உடவளவையைப் பற்றி எழுதுகிறவருக்கு முதல் வரியிலேயே பொய் சொல்ல வேண்டி வரும்.

எல்லா விலங்குக்கும் ஒரே சொல் என்பதில்தான் நான் உடன்படவில்லை. ஓர்க்காவில் ஈனும் வயதைக் கடந்த மூதாட்டிகள் முன்னே நீந்துகின்றன, அதுவும் சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூடுதலாக. அங்கே மூப்பும் நடத்துவதும் சேர்ந்தே வருகின்றன. முதுபெண் என்று வைத்தாலும் போதும். புள்ளிக் கழுதைப்புலியின் கதை வேறு. அங்கே தகுதி தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிறது, மகள்களிலும் கடைசியாகப் பிறந்ததே அக்காள்களுக்கு மேலே போய் உட்காரும். மூப்புக்கு அங்கே வேலையே இல்லை, அதட்டலும் மிரட்டலும்தான். தாராளமாகத் தலைவி என்று எழுதுங்கள், முழுப் பொருத்தம். ஆங்கிலம் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தால் அதே சாக்கை நாமும் தூக்க வேண்டியதில்லை.

மனிதச் சமூகத்தைப் பேசும்போது தாய்வழித் தலைமை என்று ஏற்கெனவே வழங்குவது இருக்கட்டும். அதில் கைவைக்க வேண்டாம்.

ஒற்றுக்கு வருவோம். முதுகுடி, முதுகாடு, முதுகலை, முதுபெண்டிர் என்று எதிலும் மிகவில்லை. முதுக்குறைவில் மட்டும் மிகுகிறது. வழக்கு பெரும்பான்மைப் பக்கம் இருப்பதால் முதுபிடி என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்த வேறு யாராவது விதி காட்டினால் திருத்திக்கொள்ளலாம்.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

முதுபிடி – யானைக் குடும்பத்தில் வயதிலும் அனுபவத்திலும் மூத்த பெண் யானை. பன்மை: முதுபிடிகள். கழுதைப்புலிக்குத் தலைவி, ஓர்க்காவுக்கு முதுபெண் காண்க.

அடுத்தது ‘பிணைப்புக் குழு’. மேலே நானே அதைப் பயன்படுத்தியிருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை, கூட்டுறவுக் கடன் சங்கம் போல ஒலிக்கிறது. பிரிந்த குடும்பங்கள் சந்திக்கும்போது ஓடிவந்து துதிக்கையைப் பின்னி, காதை விசிறி, கன்னச் சுரப்பியில் நீர் வழிய ஒரே ஆரவாரமாக இருக்கும் என்பதால் அந்தச் சொல்லில் உறவு தெரிய வேண்டும். ‘கேண்மைக் கூட்டம்’ எப்படி?