வன்னியில் திட்டம் நடத்திவிட்டு வெளிநாடு வந்தவர்களுக்கு: புரொஜெக்ட் மனேஜர் வேலைக்குத் தயாராகும் வழி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் என்ஜிஓவிலோ பிரதேச செயலகத்திலோ வேலை செய்துவிட்டு கனடாவுக்கும் லண்டனுக்கும் வரும் தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணை, அங்கை செய்த வேலையை இங்கை ஆரும் கணக்கெடுப்பினமோ?" எடுப்பார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, நீங்கள் எடுத்த முடிவுகளை. அதை எழுதத் தெரியாததால்தான் நல்ல அனுபவம் உள்ளவர்களின் சிவிகூட முதல் சுற்றிலேயே விழுந்துவிடுகிறது.

போருக்குப் பிறகு இந்திய அரசின் நிதியில் வந்த வீட்டுத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பயனாளியே கட்டிக்கொள்ளும் முறை 2012 இல் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, அதுவும் வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக. முந்தின கட்டம் முடிந்ததைப் பார்த்து உறுதிப்படுத்தினால்தான் அடுத்த காசு விடுபடும். இங்கிலாந்தில் பலர் படிக்கும், திட்டம் நடத்துவதற்கான பிரின்ஸ்2 (PRINCE2) முறையின் அடிப்படைகளில் ஒன்றும் இதுதான்: கட்டம் கட்டமாக நடத்து, ஒவ்வொரு கட்ட முடிவிலும் தொடர்வதா இல்லையா என்று முடிவெடு. அப்படியான வேலையில் இருந்துவிட்டு சிவியில் "பயனாளிகளைக் கண்காணித்தேன்" என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வீடு, மொத்த நிதி எவ்வளவு, உங்களுக்குக் கீழ் எத்தனை பேர் என்று முதலில் எழுதுங்கள். பிறகு ஒரு முடிவை எழுதுங்கள்: "ஒக்டோபர் மழைக்கு முன் கூரை மட்டத்துக்கு வராத வீடுகளைத் தனியாகப் பிரித்து, மேசன்மாரை முதலில் அங்கே அனுப்பினேன்; மணலும் சீமெந்தும் செப்டெம்பருக்குள் இறக்கினேன்." இந்த ஒரு வரியில் ஆபத்தை முன்கூட்டி அறிந்ததும், ஆளையும் பொருளையும் இடம் மாற்றியதும் தெரிகிறது. கனடாவில் கட்டட வேலைக்குப் போனால் மழையின் இடத்தில் குளிர் வரும். காற்றின் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கொங்கிறீற்றுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும், செலவு ஏறும். யோசிக்கும் முறை ஒன்றுதான்.

இன்னும் ஊரில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒன்றைச் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள். சேவைக் கடிதத்தில் பதவியும் திகதியும் மட்டும் இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் பெயர், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், நிதி, உங்கள் பொறுப்பு எல்லாம் உள்ள கடிதம் கேட்டு வாங்குங்கள். மேலதிகாரியின் அலுவலக ஈமெயிலோடு சொந்த ஈமெயிலையும் வாங்கி வையுங்கள். திட்டம் முடிந்ததும் என்ஜிஓ கந்தோர் பூட்டப்படும், ஆள் வேறு நாட்டுக்கு மாறிவிடும். பிறகு உங்கள் அனுபவத்தை உறுதிப்படுத்த ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

புரொஜெக்ட் மனேஜர்களுக்கான பிஎம்பி (PMP) சான்றிதழுக்கு இது நேரடியாகத் தேவைப்படும். பட்டம் உள்ளவர் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் காட்ட வேண்டும். உயர்தரம் வரை மட்டும் படித்தவருக்கு அது 60 மாதம். இரண்டு திட்டங்களை ஒரே காலத்தில் நடத்தியிருந்தாலும் அந்த மாதங்கள் ஒரு தடவைதான் எண்ணப்படும்; பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். இதோடு 35 மணித்தியாலப் படிப்பும் வேண்டும். விண்ணப்பங்களில் சிலவற்றை எழுந்தமானமாக எடுத்துச் சரிபார்ப்பார்கள். அப்போதுதான் அந்தக் கடிதமும் ஈமெயிலும் கைகொடுக்கும். அனுபவம் போதாதவர்கள் 23 மணித்தியாலப் படிப்போடு காப்எம் (CAPM) என்ற தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பரீட்சை எழுதலாம். இங்கிலாந்தில் இருப்பவர்கள் பிரின்ஸ்2 ஃபவுண்டேசனில் தொடங்குவது நல்லது. அதற்கு முன்தகைமை எதுவும் கேட்பதில்லை. ஆனால் வந்து இறங்கிய கையோடு கடன்பட்டுச் சான்றிதழ் எடுக்க ஓடாதீர்கள். புரொஜெக்ட் கோர்டினேட்டர் வேலை ஒன்றில் நுழைந்துவிட்டால், அந்தச் செலவைக் கொம்பனியே ஏற்க வாய்ப்பு உண்டு.

வேலை கிடைத்த பிறகு நம்மவர்கள் சறுக்குவது திறமைக் குறைவால் அல்ல. கெட்ட செய்தியை மென்று விழுங்குவதால்தான். பெரியவருக்கு முன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்திருக்கிறோம். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்தில் நிற்பவரிடம் "இது சரிவராது" என்போம். இங்கே கூட்டத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். வேலை பிந்தப் போகிறது என்று தெரிந்த அன்றே மேலதிகாரிக்கு ஒரு சிறு ஈமெயில் போடுங்கள். என்ன நடந்தது, எத்தனை நாளும் எவ்வளவு காசும் பாதிக்கும், செய்யக்கூடிய இரண்டு வழி எவை, அதில் உங்கள் தெரிவு எது, எந்தத் திகதிக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவ்வளவும் போதும். சாட்டும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். விஷயம் பெரிதென்றால் கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். பத்துப் பேருக்கு முன்னால் முதல்முறை கேள்விப்படுவதை எந்த அதிகாரியும் விரும்பமாட்டார்.

திட்டத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளை எழுதிவைக்கும் றிஸ்க் பட்டியலும் அப்படித்தான். "பொருள் பிந்தலாம்" என்று எழுதினால் ஒருவரும் எதுவும் செய்யமாட்டார்கள். "ஒரே விற்பனையாளரை நம்பியிருப்பதால், குழாய் மார்ச் 10 க்குள் வராமல் போகலாம், வராவிட்டால் பொருத்தும் குழு இரண்டு வாரம் சும்மா இருக்கும்" என்று காரணம், நிகழ்வு, விளைவு மூன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரே ஒருவரின் பெயரும் ஒரு திகதியும் போடுங்கள். "குழு" என்று பொறுப்பாளர் இடத்தில் எழுதினால் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று பொருள்.

பல திட்டங்களைச் சேர்த்து நடத்தும் புரோகிராம் மனேஜர் வேலையை நோக்கிப் போகிறவர்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் (கோடை நெல்) கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் பேசப்படுவது குளத்து நீர்மட்டம். அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். விதைப்புத் திகதி, எத்தனை மாத நெல், கடைசித் தண்ணீர் எப்போது, கால்நடை கட்டுவது எப்போது, எல்லாம் அந்த ஏக்கருக்குப் பிறகுதான். நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல உத்தியோகத்தரும் கமக்கார அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் இருந்து முடிவெடுக்கிறார்கள், அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறது. இருக்கிற தண்ணீருக்கு மேல் விதைத்தால் கதிர் வரும் நேரத்தில் எல்லா வயலும் காயும்.

கொம்பனியில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முதலில் ஐந்து திட்டத்துக்கும் ஓம் சொல்லிவிட்டு, பிறகு ஆள் தேடுவார்கள். நீங்கள் நீர்மட்டத்தை, அதாவது கையில் இருக்கும் ஆட்களின் நேரத்தை, முதலில் மேசையில் வையுங்கள். ஒருவருக்கு வாரம் 40 மணித்தியாலம் என்றால் லீவு, கூட்டம், ஈமெயில் போகக் கால்வாசியைக் கழித்து 30 என்று எடுங்கள். எட்டுப் பேருக்கு 240. ஐந்து திட்டமும் கேட்பது 330 என்றால் 90 மணித்தியாலம் துண்டு விழுகிறது. எந்தத் திட்டத்தை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவது என்று எழுத்தில் கேளுங்கள். "எல்லாமே முக்கியம்" என்று பதில் வந்தால், நீங்களே ஒரு வரிசை போட்டு அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் மாற்றம் சொல்லாவிட்டால் அப்படியே தொடங்குவதாகச் சொல்லுங்கள்.

"எத்தனை நாள் எடுக்கும் எண்டு நேர கேட்டால் என்ன சொல்றது?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. ஒற்றை எண் சொல்லாதீங்கோ தங்கச்சி. வேலை செய்யப்போகும் ஆளிடமே மூன்று எண் கேளுங்கோ: எல்லாம் சரிவந்தால், வழமையாக, மோசமாகப் போனால். 6, 9, 18 நாள் என்று சொன்னால் நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் பிரியுங்கோ. 60 ஐ ஆறால் பிரித்தால் 10 நாள். "பத்து நாள் எண்டு எதிர்பார்க்கிறன், அனுமதி பிந்தினால் 18 வரை போகும்" என்று சொல்லிவிட்டு, அந்த அனுமதியை ஆர் எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் அதே இடத்திலேயே கேட்டுவிடுங்கோ.