மஞ்ச டைலுக்குப் பெயர்: வரிக்கல், குமிழ்க்கல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பார்வையற்றவர்கள் வழி அறிய நடைபாதையில் பதிக்கும், மேடு வைத்த மஞ்சள் டைலுக்கு (tactile paving) 'தொட்டுணர் தளம்' என்கிறார்கள். அகராதிக்குச் சரி, வாயில் வராது. போதாததற்கு, 'தொட்டு' என்றால் கைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே தொடுவது காலும் கோலும்.

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதற்குப் பேர் 'மஞ்ச டைல்'. வம்பே அதில்தான். பக்கத்து ஊரில் நடைபாதை போட்டபோது நேராக ஓடும் கோட்டு டைல்களுக்கு நடுவில் நாலு புள்ளி டைல் பதித்திருந்தார்கள். கேட்டால் மேஸ்திரி, "கோடு போட்டது தீந்துபோச்சுங்க, இதுவும் மஞ்ச டைலுதானுங்களே" என்கிறார். அவரைச் சொல்லி என்ன? நாம்தான் இரண்டுக்கும் ஒரே பேர் வைத்திருக்கிறோம். நீளக் கோடு மேடாக இருந்தால் 'இப்படியே போ'. வட்டப் புள்ளி என்றால் 'நில், முன்னால் படியோ சாலையோ இருக்கிறது'. ஜப்பானில் மியாகே என்பவர் உருவாக்கி, 1967இல் ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தது இது. மேடுதான் அதன் பேச்சு. மஞ்சள் நிறம், கொஞ்சம் பார்வை இருப்பவர்களுக்கு.

முதலில் 'தடக்கல்' என்று யோசித்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர், மடல்களைக் கணினி வாசிக்கக் கேட்பவர், போனில் சிரித்தார். "தடைக்கல்லா? அது ரோட்ல ஏற்கெனவே நிறைய இருக்குங்க." அதோடு கைவிட்டேன்.

அப்புறம் 'கோட்டுக்கல், புள்ளிக்கல்'. கோலம் போடும் ஊருக்குப் பழகிய சொற்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நண்பர் விடவில்லை. அது கண் பார்த்து வைத்த பேராம். செருப்புக்கு அடியில் அவருக்குத் தட்டுப்படுவது வரியும் குமிழுமாம்.

ஆகவே வரிக்கல், குமிழ்க்கல். 'வரி' என்றால் வீட்டு வரி ஞாபகம் வரும் என்பீர்கள். கல்லோடு சேர்ந்தால் வராது. மலையாளத்திலும் வரி வரிதான், பாலக்காட்டு மேஸ்திரிக்கும் விளங்கும். பொதுப்பெயர் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. பொதுப்பெயர் இருந்ததால்தான் அந்த நாலு டைல்.

'வரிக்கல் நாற்பது, குமிழ்க்கல் ஆறு' என்று சீட்டெழுதிப் பார்த்தேன், உட்காருகிறது. பேச்சில் 'குமிக்கல்' ஆகிவிடும். ஆகட்டுமே.