கவசத்துக்குள் அடங்கிப்போன கைகள்: பட் ஸ்பென்சரின் குதிரைவீரர் படம் பார்த்த அனுபவம்

1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘இல் சொல்தாதோ தி வெந்தூரா’ (கூலிப்படை வீரன்) என்ற இத்தாலியப் படத்தைப் பற்றி இங்கே எவரும் இன்னும் எழுதவில்லை. இத்தாலிய நகைச்சுவைச் சண்டை நடிகர் பட் ஸ்பென்சரின் படங்களில் எனக்கு மிகுந்த ஏமாற்றத்தைத் தந்தது அதுதான் என்பதாலும், அதன் காரணத்தை நெடுநாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன் என்பதாலும், சற்று விரிவாகவே பகிர்ந்துகொள்கிறேன்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் குடியேறிய எங்கள் குடும்பத்துக்கு அவர் வெறும் நடிகர் அல்லர். மொழி பிடிபடாத தொடக்க ஆண்டுகளில், தொலைக்காட்சியில் ஓடிய எந்தப் படத்தையும் முழுமையாக விளங்கிக்கொள்ள எங்களால் முடிந்ததில்லை. ஆனால் அவருடைய படம் ஓடினால் சிறுவர் முதல் என் மாமியார் வரை எல்லோரும் ஒரே இடத்தில் சிரித்தோம். மூடிய கைமுட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தி எதிராளியின் உச்சந்தலையில் நேர்கீழாக இறக்குவார். அடிபட்டவன் ஒரு கணம் அப்படியே நின்று, கண்கள் செருகி, பிறகுதான் சரிவான். அந்த ஒரு கணத்தில்தான் சிரிப்பு பிறக்கும். இரத்தம் இராது, சாவு இராது, அடிபட்டவன் அடுத்த காட்சியில் எழுந்து மீண்டும் அடிவாங்க வருவான். மேசை உடையும், கதவு பெயரும், ஆனால் எவருக்கும் நிலையான தீங்கு நேராது என்ற உறுதியைப் பார்வையாளர்களுக்கு அந்தப் பெரிய உடல் முதல் காட்சியிலேயே கொடுத்துவிடும்.

அப்படிப்பட்டவர் எத்தோரே ஃபியெராமோஸ்காவாக நடித்திருக்கிறார் என்று அறிந்தபோது நான் எதிர்பார்ப்பின் உச்சத்தில் இருந்தேன். இத்தாலியப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1500ஆம் ஆண்டு கிரனாதாவில் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் பிரெஞ்சு மன்னன் பன்னிரண்டாம் லூயியும் அரகோன் மன்னன் ஃபெர்தினாந்தும் நேப்பிள்ஸ் அரசைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கு பிரித்த சிறிது காலத்திலேயே எல்லைத் தகராறு மூண்டது. 1502ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பானியத் தளபதி கொன்சாலோ தெ கோர்தொபா, தென்கிழக்குக் கரையில் உள்ள பர்லேத்தா நகரத்துக்குள் தன் படையுடன் அடைபட்டுக் கிடந்தார். அங்கே கைதியாக இருந்த லா மோத் என்ற பிரெஞ்சு வீரன், விருந்தொன்றில் இத்தாலியர்களைக் கோழைகள் என்று இகழ்ந்தான். அந்த இகழ்ச்சிக்குப் பதிலாக 1503 பெப்ரவரி 13ஆம் நாள் பதின்மூன்று இத்தாலியக் குதிரைவீரர்களும் பதின்மூன்று பிரெஞ்சுக் குதிரைவீரர்களும் திறந்தவெளியில் மோதினார்கள். கபுவா நகரத்து ஃபியெராமோஸ்காவின் தலைமையில் இத்தாலியர்கள் வென்றார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நகைச்சுவைக்கான பொருள் இயல்பாகவே கொட்டிக் கிடக்கிறது. தோற்பவர் ஒவ்வொருவரும் குதிரையையும் ஆயுதங்களையும் இழப்பதோடு 100 துக்காத் பொற்காசுகளையும் மீட்புப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வெற்றி தமக்கே என்று நம்பிய பிரெஞ்சு வீரர்கள் அந்தப் பணத்தைக் கையோடு கொண்டுவரவே இல்லை. ஆகவே தோற்றபின் அவர்களைப் பர்லேத்தாவுக்குக் கைதிகளாக நடத்திச் சென்றார்கள். பணத்தைக் கொன்சாலோவே முன்னின்று கொடுத்ததாகவும் சொல்வார்கள். இன்னும் ஆழமான முரண் ஒன்றும் இதில் உண்டு. இத்தாலியின் மானத்துக்காகப் போராடியவர்கள் என்று கொண்டாடப்படும் அந்தப் பதின்மூவரும் ஸ்பெயினுக்காகவே போரிட்டார்கள். அவர்களது வெற்றியால் ஊர் விடுதலை பெறவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் செரிஞோலாவில் ஸ்பானியர்கள் பிரெஞ்சுப் படையை முறியடித்தார்கள். அதன்பின் நேப்பிள்ஸ் இரண்டு நூற்றாண்டுகளுக்கு ஸ்பானிய ஆட்சியின்கீழ் இருந்தது. ஃபியெராமோஸ்கா 1515ஆம் ஆண்டு ஸ்பெயினின் வல்யதோலித் நகரத்தில் இறந்தார்.

கூலிக்குப் போரிடும் ஒருவனை நாட்டின் வீரத் திருவுருவாக மாற்றியது பிற்காலம். மாஸ்ஸிமோ தசேலியோ 1833இல் எழுதிய நாவல் அந்த வேலையைச் செய்தது. இத்தாலி என்ற ஒன்றுபட்ட நாடு உருவாவதற்கு அது உணர்ச்சி ஊட்டியது. பிறகு முசோலினியின் காலத்தில், 1938இல், அலெஸ்ஸாந்த்ரோ பிளாசேத்தி இயக்கத்தில் ஜீனோ செர்வி நடிக்க, அதே கதை படமாகவும் வந்தது. இத்தனை பூச்சும் ஏறிய ஓர் உருவத்தை, நேப்பிள்ஸில் பிறந்த, பசியும் அலுப்பும் கொண்ட பெரிய மனிதர் ஒருவர் தம் கைகளால் தரைக்கு இறக்கிக் கொண்டுவரும் படத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன். இயக்குநர் பாஸ்குவாலே ஃபெஸ்தா கம்பனீலே அதற்குத் தகுதியற்றவரும் அல்லர். புகழ்பெற்ற இயக்குநர் விஸ்கோந்தியின் படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர்களில் அவரும் ஒருவர், வரலாற்று நகைச்சுவைகளையும் முன்பே இயக்கியிருக்கிறார்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே எங்கள் வீட்டில் சிரிப்பு வரவில்லை என்பதைக் கவனித்தேன். முதன்மையான காரணம் அந்தக் கவசம்தான் என்று கருதுகிறேன். ஸ்பென்சரின் நகைச்சுவை முழுவதும் தோளிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது. அறைவதற்கு முன் அவர் தோள் சற்றுத் தளரும், கண்கள் சுருங்கும், ‘இவனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே’ என்ற சலிப்பு முகத்தில் ஓடும். அந்த உடம்பின் மேல் இரும்பைப் பூட்டி, கையில் வாளைக் கொடுத்துவிட்டால், எல்லாக் குதிரைவீரர்களையும் போல அவரும் ஒருவராகிவிடுகிறார். தலைக்கவசம் அணிந்தவனின் உச்சந்தலையில் குட்டும்போது உலோகச் சத்தம் கேட்கிறது. குட்டு வாங்கியவனின் முகமோ நமக்குத் தெரிவதில்லை. கண்கள் செருகும் அந்தக் கணம் மறைந்தபின் அடிக்கு என்ன பொருள் இருக்கிறது?

இரண்டாவது காரணம் வாள். வாள் வெட்டும், ஈட்டி குத்தும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். எவருக்கும் நிலையான தீங்கு நேராது என்ற அந்த உறுதி, போர்க்களத்தில் எப்படி நிற்கும்? உண்மையான மோதலிலும் பிரெஞ்சுப் பக்கத்தில் நின்ற அஸ்தி நகரத்து இத்தாலியன் கிராயானோ இறந்ததாகவே வரலாறு சொல்கிறது. ஆகவே படம் ஒரு காட்சியில் கைச்சண்டைக்கு இறங்குகிறது, அடுத்த காட்சியில் வரலாற்று மிடுக்குக்கு ஏறுகிறது, எதிலும் நிலைகொள்வதில்லை. இறுதியில் பதின்மூவர் களமிறங்கும்போது, நாம் இந்த வீரத்தைக் கண்டு சிரிக்க வேண்டுமா, பெருமைப்பட வேண்டுமா என்பதைப் படமே முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. மாரியோ மொனிச்செல்லி 1966இல் இயக்கிய பிரான்கலேயோனே படம், கந்தல் அணிந்த குதிரைவீரன் ஒருவனை வைத்து இடைக்காலத்தின் பகட்டு முழுவதையும் கலைத்துப் போட்டது; பத்து ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் படத்துக்கு அந்தத் துணிவு இல்லை.

மூன்றாவதாக, அவருக்கு இணையாக நிற்க எவரும் இல்லை. பல படங்களில் அவரோடு இணைந்து நடித்த தெரென்ஸ் ஹில் அருகில் இருந்தால் அவருடைய துள்ளலே ஸ்பென்சரின் சலிப்புக்கு விளக்குப் பிடிக்கும். காவல் அதிகாரியாக அவர் தனியாக நடித்த பியெதோனே படங்களில் நேப்பிள்ஸ் நகரமே அந்த இடத்தை நிரப்பியது. இங்கே எந்ஸோ கன்னவாலே, ஓரெஸ்தே லியோனெல்லோ போன்ற தேர்ந்த நகைச்சுவை நடிகர்கள் இருந்தும், கூட்டத்தோடு கூட்டமாக வந்துபோகிறார்கள்.

பிற்பாடு பர்லேத்தாவுக்கே போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த இகழ்ச்சி நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நிலவறையைப் பழைய மதுச்சாலை போல ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த கல் வளைவுகளின் கீழே மர மேசைகள். அங்கே நின்றபோது, ஸ்பென்சருக்கு உரிய காட்சி இதுதான் என்று எனக்குப் பட்டது: கவசம் இல்லை, குதிரை இல்லை, ஒரு குறுகிய அறை, சாப்பாடு, குடி, வாய்க்கொழுப்புப் பிடித்த ஒரு கைதி, மேசை மேல் வைத்திருக்கும் ஒரு பெரிய கை. படம் முழுவதையும் இந்த அறைக்குள்ளேயே நடத்தியிருக்கலாம். மோதல் நடந்த இடத்தில், அந்த்ரியாவுக்கும் கொராத்தோவுக்கும் இடையே ஒலிவ மரங்கள் நிறைந்த வெளியில், 1583ஆம் ஆண்டு எழுப்பிய நினைவுக்கல் நிற்கிறது. அதையும் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுமொழி

அண்ணா, உங்கள் பகிர்வைப் படித்தபின் நானும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஜேர்மனியில், ஸ்வேபிஷ் க்முன்ட் நகரத்துக்கு அருகில் வசிக்கிறோம். 1951இல், கார்லோ பெதர்சோலி என்ற தம் இயற்பெயரோடு நீச்சல் வீரராக இருந்த காலத்தில், ஸ்பென்சர் இங்கே போட்டியில் நீந்தியிருக்கிறார். 2011ஆம் ஆண்டு, அப்போது கட்டிக்கொண்டிருந்த சுரங்கச் சாலைக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று இணையத்தில் பல்லாயிரம் பேர் வாக்களித்தார்கள். நகர மன்றம் அதற்கு இணங்காமல், திறந்தவெளி நீச்சல் குளத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. என் பிள்ளைகள் நீந்தப் பழகியது அந்தக் குளத்தில்தான். ஒரு நிமிடத்துக்குள் 100 மீற்றர் நீந்திய முதல் இத்தாலியர் அவர் என்று நான் சொன்னபோது, சண்டைபோடும் அந்தத் தாடிக்காரரா என்று அவர்கள் நம்ப மறுத்தார்கள்.

நீங்கள் சொல்லும் படத்தை நாங்கள் ஜேர்மன் குரலில் பார்த்தோம். இங்கே அவருடைய படங்கள் இவ்வளவு புகழ் பெற்றதற்கு ரைனர் பிரான்ட் போன்றவர்கள் எழுதிய குறும்பான குரல் வசனங்களும் முக்கியமான காரணம். ஆனால் இந்தப் படத்தில் சொல்லப்படும் பகையையும் மானத்தையும் பற்றி இங்கே எவரிடமும் நினைவு இல்லை. பர்லேத்தா எங்கே இருக்கிறது, இத்தாலியர் ஏன் ஸ்பானியரின் பக்கம் நிற்கிறார்கள் என்று என் மூத்த மகன் கேட்டான். படம் அதற்கு விடை தரவில்லை, என்னாலும் தர முடியவில்லை. இளையவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். நீங்கள் எழுதிய மீட்புப் பணக் கதையை அன்றைக்கே அறிந்திருந்தால் இருவரையும் உட்கார வைத்திருப்பேன்.

இருந்தாலும் ஒரு விடயத்தில் படத்துக்காகப் பேச விரும்புகிறேன். குயிதோ, மவுரீஸியோ தே அஞ்சலிஸ் சகோதரர்களின் இசை எனக்குப் பிடித்திருந்தது. லா மோத் வேடத்தில் வரும் பிலிப் லெருவா அதே ஆண்டு ‘சந்தோகான்’ தொலைக்காட்சித் தொடரில் கபீர் பேடியின் தோழன் யானெஸாக நடித்தவர். அவருடைய மிடுக்கும் ஸ்பென்சரின் அசைவற்ற முகமும் எதிரெதிரே நிற்கும்போது நல்ல படம் ஒன்றின் சாயல் தெரிகிறது. அந்த இருவரையும் மட்டுமே வைத்து எடுத்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

பிள்ளைகளுக்கு அடுத்ததாக எந்தப் படத்தைக் காட்டலாம் என்று சொல்லுங்கள். குதிரைவீரர் வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

மறுமொழி

தம்பி, அந்த நீச்சல் குளத்தின் கதையை எழுதியமைக்கு மிக்க நன்றி. லெருவாவைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்கும் இடங்களில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் இசையைப் பற்றி எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அதே சகோதரர்கள் அவருடைய மற்றப் படங்களுக்குக் கொடுத்த பாடல்கள் எங்கள் வீட்டில் இன்றும் ஒலிக்கின்றன. இதிலுள்ள எதுவும் என் காதில் தங்கவில்லை.

பிள்ளைகளுக்கு 1974இல் வந்த, மணல்வெளிச் சிறு வண்டிக்காக ஹில்லும் அவரும் சண்டையிடும் படத்தைக் காட்டுங்கள். அதில் அவர் பாடகர் குழுவுடன் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் அவரைச் சுட்டுக் கொல்லப் பார்க்கிறான். ஏறத்தாழ ஒரு சொல் வசனமும் இல்லாத அந்தக் காட்சிக்கு எந்த மொழியின் குரலும் தேவைப்படாது. அது பிடித்துப்போனால் 1973இல் வந்த முதல் பியெதோனே படத்துக்குப் போங்கள். அதில் நேப்பிள்ஸின் சந்துகளையும், துப்பாக்கி ஏந்தாமல் கைகளை மட்டுமே நம்பும் ஒரு காவல் அதிகாரியையும் பார்ப்பீர்கள். மூத்த மகனுக்கு வரலாற்றில் ஆர்வம் இருப்பது தெரிகிறது. அவனுக்குப் பர்லேத்தா மோதலைப் படத்தை விட்டுவிட்டு நேரடியாகவே சொல்லுங்கள். பணம் கொண்டுவராமல் வந்த பிரெஞ்சு வீரர்களிடமிருந்து தொடங்குங்கள்.