நெஞ்சு நீர் எடுத்து மருந்தும் முடிச்சாச்சு, இன்னும் விலாவுல குத்துது

காரைக்குடிக்காரன்:
எங்க அப்பச்சிக்கு 61 வயசு. வலப்பக்கம் நெஞ்சுல நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்துப் பாத்து டிபி ப்ளூரிசி, அதாவது காசநோயால நுரையீரல் சவ்வுல வந்த புண்ணுன்னு சொன்னாங்க, ஆறு மாச மருந்தும் விடாம முடிச்சாச்சு. காய்ச்சல் இல்ல, நல்லா சாப்பிடுறாக. ஆனா மச்சுப்படி ஏறினா மூச்சு வாங்குது, தும்மினா அதே எடத்துல சுருக்குங்குது. புது எக்ஸ்ரே ரிப்போர்ட்ல ‘ப்ளூரல் திக்கனிங்’னு போட்டிருக்கு. நோவு திரும்புதா? ஆத்தா பயந்துபோய் அந்த மாத்திரையவே திரும்ப வாங்கிருவமாங்கிறாக. அப்பச்சி என்னடான்னா தைப்பூசத்துக்குப் பழனி நடக்கணும்னு நிக்கிறாக.

தேவகோட்டை பிசியோ:
மாத்திரைய நீங்களா தொடாதீங்க தம்பி. நுரையீரலச் சுத்தி ரெண்டு அடுக்கு சவ்வு இருக்கு, நடுவுல கொஞ்சூண்டு ஈரம், அதுலதான் வழுக்கிட்டுப் போகும். புண்ணு ஆறுறப்ப அந்தச் சவ்வு தடிச்சு ஒட்டிக்கும், அதத்தான் ‘ப்ளூரல் திக்கனிங்’னு போட்டிருக்காங்க, டிபிக்கு அப்புறம் நெறைய பேருக்கு இப்படி மிஞ்சுறதுதான், வைரஸ்ல வர்ற ப்ளூரிசின்னா பெரும்பாலும் சுவடே இருக்காது. தழும்புன்னா கிருமி இருக்குன்னு அர்த்தமில்ல. ஆனா கீழ தெரியிற வெள்ளை தழும்பா மிச்ச நீரான்னு எக்ஸ்ரேல சில நேரம் புரியாது, அல்ட்ராசவுண்டுல தெரிஞ்சிரும். மூச்சு வாங்குறதுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில ஊதி நுரையீரல் எவ்வளவு காத்து பிடிக்குதுன்னு பாக்குற டெஸ்ட் பாருங்க. இந்த வயசுல இதயம், ரத்தசோகை ரெண்டையும் சேத்துப் பாத்துருங்க, எல்லாத்தையும் பழைய நோவு தலையில கட்டிர வேணாம்.

பலகாரக்கட ஆச்சி:
எனக்கு நிமோனியாவுல நீர் கோத்து சீழாகி ட்யூப் போட்டாக. இன்னும் மழைக்குளிருன்னா அந்தப் பக்கம் இறுக்கிப் பிடிக்கும், வெறகடுப்புப் பக்கம் நின்னா இருமல், அதான் கேஸுக்கு மாறிட்டேன். மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து டப்பா குடுப்பாகளே, அத ஊதக்கூடாதுப்பா, உறிஞ்சணும். எங்க வளவுல பாதிப் பேரு ஊதிக்கிட்டுத்தான் இருந்தாக.

சிவகங்கை அண்ணன்:
என் மச்சினனுக்கு சவ்வு ஓடு மாதிரி இறுகி நுரையீரல் விரியாமப் போயி ஆபரேஷன் பண்ணி உரிச்சு எடுத்தாங்க. ஆனா அது அபூர்வம், மருந்து முடிஞ்சும் தடிப்பு கொஞ்சங்கொஞ்சமா கரையும்னு டாக்டருங்க பொறுத்துத்தான் பாப்பாங்க. மருந்து முடிஞ்ச பெறகு 6, 12, 18, 24ஆம் மாசம் டிபி யூனிட்டுல காட்டணும், விட்றாதீங்க. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வ, எடை கொறையிறது, சளியில ரத்தம், இதுல ஒண்ணு வந்தாலும் உடனே போங்க. பழனிக்கு முன்னாடி ஆறு நிமிஷ நடை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, நடக்கையில ஆக்சிஜன் எறங்குதான்னு பாப்பாங்க. எறங்கலேன்னாலும் இந்த வருஷம் பக்கத்துல இருக்குற குன்றக்குடி முருகன் கோயில் வரைக்கும் போதும்.

காரைக்குடிக்காரன்:
சரிண்ணே, திங்கக்கிழம ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன். குன்றக்குடி வரைக்கும்னா எப்படிச் சம்மதிக்க வைக்கிறதுன்னுதான் தெரியல.