சித்தியின் உடல்நிலை: குடும்பக் குழு

சித்தப்பா: இன்று அதிகாலை உங்கள் சித்திக்கு இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடுமையான வலி எடுத்தது. கல்லடைப்பு என்றுதான் நினைத்தோம். ஆனால் எழுந்து நின்றதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்துவிட்டதால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தோம். சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிகிறதாம்.

பெரியம்மா: அடி எதுவும் படவில்லையே, தம்பி? சிறுநீரும் தெளிவாகத்தானே போகிறது?

டாக்டர் அக்கா: அடிபடாமலும் இப்படிக் கசியும், பெரியம்மா. 1856-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் வுண்டர்லிஷ் சிண்ட்ரோம் என்கிறோம். ரத்தம் சிறுநீர்ப் பாதையில் இறங்காமல் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பில் தேங்குவதால், சிறுநீர் தெளிவாக இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. சித்தப்பா, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ வலி மாத்திரையோ சித்தி சாப்பிட்டிருந்தால், அட்டையையே எடுத்துப் போய்ப் பணியிலிருக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்தம் எவ்வளவு?

சித்தப்பா: மாத்திரை எதுவும் இல்லை, அம்மா. வந்தபோது 84/50, இரண்டு கைகளிலும் ஊசி குத்தி ரத்தம் ஏற்றிய பிறகு 106/70. கொழுப்பு கலந்த 6 சென்டிமீட்டர் கட்டி ஒன்று வெடித்திருக்கிறதாம். சிறுநீரகத்தையே எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

டாக்டர் அக்கா: அது ஆஞ்சியோமயோலிப்போமாவாக இருக்கும், பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அதிலுள்ள ரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமானது என்பதால், கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. அழுத்தம் ஏறி நிற்பது நல்ல அறிகுறி. இந்த நிலையில் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் ரத்தக் குழாயை மட்டும் அடைத்துவிடுவார்கள். சிறுநீரகத்தின் மற்ற பகுதி பிழைத்துக்கொள்ளும். ரத்தம் ஏற்றியும் அழுத்தம் சரிந்துகொண்டே போனால்தான் சிறுநீரகத்தை எடுக்கும் பேச்சு வரும். அப்படிக் கேட்டால் தயங்காமல் கையெழுத்திடுங்கள், சித்தப்பா, உயிர்தான் முதலில்.

சித்தப்பா: குழாய் வழியாக அடைப்பதாகத்தான் சொல்கிறார்கள். இப்போது உள்ளே அழைத்துப் போகிறார்கள்.

பெரியம்மா: முடிந்து வந்ததும் காய்ச்சல் ஏதும் வருமா?

டாக்டர் அக்கா: சில நாட்களுக்குக் காய்ச்சலும் வலியும் வரலாம், பெரியம்மா, அடைத்த பகுதி வாடுவதால் அப்படி ஆகும். ஆனாலும் கிருமித்தொற்று இல்லை என்று மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். கட்டிய ரத்தம் கரைந்த பிறகு மறுபடியும் ஸ்கேன் எடுத்து, மற்றச் சிறுநீரகத்திலும் இப்படிக் கட்டிகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், சித்தப்பா.