உச்சந்தலைப் புற்றுநோய்: தோலை மட்டும் ஒட்டினால் போதாதா?

கேள்வி:
72 வயதாகும் என் தந்தைக்கு உச்சந்தலையில் வந்திருக்கும் தோல் புற்றுநோயை, மண்டையோட்டைப் போர்த்தியிருக்கும் சவ்வோடு சேர்த்து அகற்ற வேண்டும் என்றும், அதனால் உண்டாகும் உள்ளங்கையளவு புண்ணைத் தொடையிலிருந்து இரத்தக்குழாய்களுடன் எடுக்கும் திசுவால் மூட வேண்டும் என்றும் மருத்துவர் கூறுகிறார். உறவினர் ஒருவருக்கு முதுகில் இதைவிடப் பெரிய புண்ணையே வெறும் தோலை ஒட்டி ஆற்றினார்கள். இவ்வளவு நீண்ட அறுவை சிகிச்சை தேவைதானா?

பதில் 1:
புண்ணின் பரப்பைவிட அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். மெல்லியதாகச் சீவியெடுக்கும் தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஓரிரு நாள்கள் அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சித்தான் அது பிழைத்திருக்கும், பிறகு சுமார் ஒரு வாரத்திற்குள் அங்குள்ள நுண்குழாய்களோடு இணைந்துவிட வேண்டும். முதுகுத் தசையின் மேல் இது நடக்கும்; சவ்வு நீங்கிய எலும்பின் மேல் நடக்காது. ‘ஃபிளாப்’ எனப்படும் திசுவோ தன் தமனியையும் சிரையையும் உடன் கொண்டுவருகிறது. அவற்றைக் காதுக்கு முன்புறமோ கழுத்திலோ உள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் உதவியால் தைப்பார்கள்.

எலும்பின் வெளி அடுக்கைச் செதுக்கி, அதில் சதை வளர்ந்தபின் தோலை ஒட்டும் வழியும் உண்டு. நீண்ட மயக்கத்தைத் தாங்க இயலாத முதியவர்களுக்கு அதுவே ஏற்றதாக இருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்னர் கதிர்வீச்சு கொடுத்தால் அந்த மெல்லிய தோல் மீண்டும் புண்ணாகலாம். கதிர்வீச்சு திட்டத்தில் உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

பதில் 2:
கெண்டைக்காலில் தோல் ஒட்டிக்கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் இரண்டு வாரம் என்னை வாட்டியது. ஒட்டின் அடியில் இரத்தம் தேங்கியதால் ஓர் ஓரம் கறுத்து உதிர்ந்தும் போயிற்று. ஆகவே எளிய சிகிச்சை என்றெண்ணி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பதில் 3:
ஓரங்களில் புற்றணுக்கள் இல்லை என்ற பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் மூடுவார்களா என்றும் கேளுங்கள்; ஃபிளாப் வைத்த பின்னர் மிச்சமிருப்பது தெரியவந்தால் மறு அறுவை மிகவும் சிக்கலாகும். முதல் சில நாள்கள் திசுவின் நிறத்தை அடிக்கடி பார்ப்பார்கள்: வெளிறினால் தமனியிலும், நீலம் பாரித்தால் சிரையிலும் அடைப்பு இருக்கலாம், உடனே திறந்து சரிசெய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தந்தைக்குப் புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கதிர்வீச்சு உண்டென்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு இப்போதுதான் புரிகிறது. ஓரப் பரிசோதனை பற்றி நாளை கேட்கிறேன்.